எங்க்ஹைசனில் அம்மாவுக்கு ஒரு மச்சாள்

நெதர்லாந்தின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் வெளியே வந்ததும் பக்கத்தில் வந்து மெதுவாக "டாக்ஸி?" என்று கேட்கிறவர்களோடு போகாதீர்கள். இதைக் கொட்டிவிட்டால்தான் எனக்கு மிச்சம் எழுத வரும். அம்மாவுக்கு முழங்கால் வலி, இரண்டு பெரிய பெட்டிகள், வெளியே மழை. அந்த மனிதர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். மீற்றர் ஓடவில்லை. ஆம்ஸ்டர்டாமின் மேற்குப் பக்கத்தில் தங்குமிட வாசலில் இறக்கிவிட்டு 95 யூரோ என்றார். ஏன் என்று கேட்டால் மழை, இரவு, பெட்டி என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒரு யூரோ எங்கள் இலங்கைக் காசில் 350 ரூபாவுக்குக் கிட்ட. அம்மா மனக்கணக்காகப் பெருக்கிப் பார்த்துவிட்டு அன்றிரவு சாப்பாடே வேண்டாம் என்றுவிட்டார். டாக்ஸியில் மீற்றர் கட்டாயம், உச்சக் கட்டணமும் சட்டத்தில் இருக்கிறது என்று தங்குமிடத்துப் பெண் காலையில்தான் சொன்னாள். ரயிலில் வந்திருந்தால் சில யூரோவோடு முடிந்திருக்கும்.

சரி, ஏன் போனோம் என்று சொல்கிறேன். என் அம்மம்மா யாழ்ப்பாணத்துப் பறங்கி, அதாவது ஒல்லாந்தர் (நெதர்லாந்துக்காரர்) வழி வந்தவர். தபால் கந்தோரில் வேலை பார்த்த தாத்தாவைக் கட்டியதால் அவரது வீட்டார் கதைக்காமல் விட்டார்கள், பிறகு ஒவ்வொருவராக அவுஸ்திரேலியா போய்விட்டார்கள். கொழும்பில் 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளி அச்சிட்டு வந்தது. ஐரோப்பிய இரத்தம் என்று காட்டி அவுஸ்திரேலியா போனவர்களுக்கு அது நன்றாக உதவியது. எங்களுக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கிறது. முதல் வரியில் அம்மம்மாவின் மூதாதை பெயர், ஊர் ஒல்லாந்தின் எங்க்ஹைசன், யாழ்ப்பாணத்தில் கலியாணம். குடும்பப் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே இருக்கிறவர்களுக்கு அது பிடிக்காது. அதே பெயரையும் அதே ஊரையும் தன் வம்ச மரத்தில் இணையத்தில் போட்டிருந்த ஒரு ஒல்லாந்துப் பெண்மணி என் மின்னஞ்சலுக்குப் பதில் போட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. ஓய்வுபெற்ற ஆசிரியை, அம்மாவைவிட இரண்டொரு வயது இளையவர்.

விசா பற்றிக் கேட்கப்போகிறவர்களுக்கு: கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவதென்றால் அவர்கள் அங்கே ஒரு படிவம் நிரப்பி, தங்கள் நகரசபையில் கையெழுத்தை உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். முகம் பார்த்திராத எங்களுக்காக அவர் அதைச் செய்தார். இதைவிட உறவுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? ரயில் கட்டணம், தங்குமிடம், சிம் எல்லாம் ஒழுங்காக வரிசையாக எழுதத்தான் இருந்தேன். ஆனால் முதலில் சாப்பாடு.

ஒல்லாந்தரின் பகல் சாப்பாடு பாண். குளிர்ந்த பாண், வெண்ணெய், ஒரு துண்டு சீஸ். சிலர் அதன்மேல் சொக்லேட் தூளைத் தூவிக்கொள்கிறார்கள், பெரியவர்களும்தான். இரண்டு நாள் அதைப் பொறுத்த அம்மாவை ஆம்ஸ்டர்டாமில் ஒரு சுரினாம்காரர் கடைக்குக் கூட்டிப்போனேன். 1873 முதல் வட இந்தியாவிலிருந்து, தென் அமெரிக்காவில் ஒல்லாந்தர் ஆண்ட சுரினாமின் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், பிறகு நெதர்லாந்துக்கு வந்து குடியேறியவர்கள். ரொட்டி கேட்டோம். உள்ளே பருப்புத் தூள் வைத்த மெல்லிய பெரிய ரொட்டி, மஞ்சள் நிறக் குழம்பில் கோழி, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, பக்கத்தில் வதக்கிய பயித்தங்காய், தனிக் கிண்ணத்தில் மஞ்சள் மிளகாயை அரைத்த உறைப்பு. அம்மா கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் கிழித்துக் குழம்பில் தோய்த்தார். கடைக்காரர் பார்த்துச் சிரித்து இன்னும் கொஞ்சம் குழம்பு கொண்டுவந்து ஊற்றினார், காசு வாங்கவில்லை. தலைக்குப் பன்னிரண்டு யூரோவுக்குள் அந்த நாட்டில் இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து எங்க்ஹைசனுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம். தண்டவாளம் அங்கே முடிகிறது, அதற்கப்பால் தண்ணீர். ஒரு காலத்தில் அது கடல். 1932இல் பெரிய அணை கட்டி வாயை அடைத்ததால் இப்போது நன்னீர் ஏரி. ஊர்ச் சின்னத்திலேயே மூன்று ஹெரிங் மீன்கள். ஆசியாவோடு வியாபாரம் செய்து இலங்கைக் கரையையும் ஆண்ட ஒல்லாந்துக் கம்பனி 1602இல் தொடங்கியபோது அதன் ஆறு கிளைகளில் ஒன்று இந்தச் சின்ன ஊரில் இருந்தது. அதன் மாளிகை 1816இல் எரிந்துபோனது. கம்பனி சாமான் வைத்த மிளகுக் களஞ்சியம் இன்னும் நிற்கிறது, இப்போது நூதனசாலை. நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் கட்டணத்தைப் பார்த்துவிட்டு அம்மா வெளியே வாங்கில் இருந்துகொண்டார்.

வாசலில் பூங்கொத்தோடு ஒரு வெள்ளைக்காரி நிற்பார் என்று நினைத்திருந்தோம். அவர் சைக்கிளில் வந்தார், எங்கள் பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டித் தள்ளிக்கொண்டே நடந்தார். மழை பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்குப் போனதும் ஆளுக்கொரு கோப்பி, ஆளுக்கொரு பிஸ்கற், பிறகு டின்னை மூடி அலுமாரியில் வைத்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஆனால் அதன் பிறகு மேசையில் அவர் விரித்தது வேறு விருந்து. கம்பனியின் சம்பளப் பேரேடுகள் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, 18ஆம் நூற்றாண்டில் கப்பலேறியவர்களின் பெயர்களை இணையத்தில் இலவசமாகவே தேடலாம். மடிக்கணினியில் எங்கள் ஆளின் பக்கத்தைத் திறந்தார். ஒவ்வொருவனுக்கும் இரண்டு பக்கம்: இடப்பக்கம் அவன் கடன், வலப்பக்கம் அவன் உழைப்பு. எங்கள் வீட்டில் பரம்பரையாகச் சொல்லிவந்த கதை, அவர் கப்பல் கப்டன் என்பது. பேரேட்டில் அவர் வெறும் சிப்பாய், சம்பளம் மாதம் 9 கில்டர் (பழைய ஒல்லாந்துக் காசு). கப்பலேறும் முன் சாப்பாடும் படுக்கையும் கொடுத்து ஆள் பிடித்தவனுக்கு 150 கில்டர் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்றேகால் வருடத்துக்கு மேலான சம்பளம், கால் மண்ணில் படுமுன்பே போய்விட்டது. இன்றைக்கு முகவருக்குக் காசு கட்டிக் கட்டாருக்குப் போகும் பெடியன்களின் கணக்கும் இதுதான்.

இடப்பக்கத்தில் இன்னொரு வரியில் அவர் விரலை வைத்தார். வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளம் வரை ஊரில் இருக்கும் தாய்க்கோ மனைவிக்கோ பிள்ளைக்கோ கொடுக்கச் சொல்லிக் கம்பனியிடம் எழுதி வைக்கலாம். இவர் மனைவிக்கு எழுதி வைத்திருந்தார். சில வருடம் கொடுத்த பதிவு இருக்கிறது, அப்புறம் இல்லை. ஊரில் ஒரு மகளும் இருந்தாள். இந்தப் பெண்மணி அந்த மகளின் வழி. யாழ்ப்பாணக் கலியாணம் நடந்து வெகு காலத்துக்குப் பிறகுதான் எங்க்ஹைசனில் அந்த மனைவியை அடக்கம் செய்திருக்கிறார்கள், தேவாலயப் பதிவையும் எடுத்து வைத்திருந்தார். அதாவது எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லும் முதல் ஆள், இவர்கள் வீட்டில் போய்த் திரும்பாதவர். அந்த இருநூறு வருடத்தில் கம்பனிக் கப்பல்களில் போன ஏறக்குறைய பத்து லட்சம் பேரில் மூன்றில் ஒருவர்தான் திரும்பினார்களாம். செத்தவர்களோடு, இப்படி வேறு குடும்பம் வைத்துத் தங்கியவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடிக்குமுன் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆர்மேல்? தன் சொந்த மூதாதைமேல். "பெண்சாதிக்காரிக்கு மூன்று மாதச் சம்பளம், அதையும் நிப்பாட்டிப்போட்டானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு உறவு முறை கணக்குப் பார்த்தார். அக்காவும் தம்பியும் தாய் வேறானாலும் தகப்பன் ஒன்று, அவர்கள் வழி வந்தவர்கள் மச்சாள் முறை. ஆங்கிலத்தில் இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு! பெண்மணி தன் தாளில் அதையும் குறித்துக்கொண்டார்.

கல்லறை தேடிப் போகிறவர்கள் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். குத்தகை முடிந்தால் அங்கே புதைகுழியையே எடுத்துவிடுகிறார்கள். பழையவர்கள் தேவாலயத் தரைக்குக் கீழே, கல்லில் இலக்கம் மட்டும். எங்கள் பக்கமும் நிலைமை திறமில்லை: 1706இல் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் கட்டிய ஒல்லாந்தத் தேவாலயம் போரில் தரைமட்டமாகிவிட்டது.

கடைசி நாள் அம்மா லம்பிறைஸ் செய்தார், பறங்கியரின் வாழையிலைச் சோற்றுப் பொதி. ஆசியச் சாமான் கடையில் உறைய வைத்த வாழையிலை கிடைத்தது, ஒரு கட்டு விலை கேட்டால் நெஞ்சு வலிக்கும். சோறு, கறி, இறைச்சி உருண்டை எல்லாம் வைத்து மடித்துச் சூட்டடுப்பில் வைத்ததும் வீடே அம்மம்மாவின் குசினி மாதிரி மணந்தது. மச்சாளின் மகன் மூன்று பொதி சாப்பிட்டான். அன்றைக்குப் பிஸ்கற் டின் மேசையிலேயே திறந்து கிடந்தது.

ஒல்லாந்தக் கலியாணப் பதிவில் மாப்பிள்ளை இளைஞனா, மனைவியை இழந்தவனா என்று எழுதுவார்களாம். யாழ்ப்பாணத்தில் போதகரிடம் அவர் என்ன சொன்னார் என்பதைக் கண்டுபிடித்துத் தரும்படி மச்சாள் கேட்டிருக்கிறார். அம்மா தேடவே வேண்டாம் என்கிறார். கடனட்டைக் காசைக் கட்டி முடித்ததும் கொழும்புக்குப் போய்ப் பழைய ஏடுகளைக் கேட்டுப் பார்க்கத்தான் போகிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.