அதே கையுறை

"அவருக்கும் சொல்லுங்க சிஸ்டர்." ஆயாம்மா சொன்னது இவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை.

ஏழாம் பெட்காரருக்கு கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் தொற்று. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக் கேட்கவில்லை, கோலிஸ்டின் ஓடிக்கொண்டிருந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஓரங்கட்டிய மருந்து அது. வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்திருக்கிறோம். அவருடைய யூரின் பையைக் காலி செய்த கையுறையோடு ஆயாம்மா ஆறாம் பெட்டின் கம்பியைப் பிடித்தார். "எத்தனை தடவை சொல்றது, கழட்டுங்க!" என்று கத்திவிட்டேன். பார்வையாளர் நேரம். ஆறாம் பெட்காரரின் மகள் திரும்பிப் பார்த்தார்.

அரை மணி கழித்து பெரிய டாக்டர் ஏழிலிருந்து ஆறுக்குப் போனார். அதே கையுறை. ஆயாம்மா தொட்டது கம்பியை. இவர் கழற்றி மாட்டியது நுரையீரலுக்குப் போகும் குழாயை. நான் கை சுத்த ஆடிட் படிவத்தில் 'இல்லை' கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். மாப்போடு நின்றிருந்த ஆயாம்மா அப்போதுதான் அதைச் சொன்னார்.

கை சுத்த ஆடிட்டில் பார்ப்பவர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் எல்லோரும் உஷாராகிக் கணக்கு பொய்யாகிவிடும். சரி, ஆயாம்மாவைத் திட்டியபோதும் அதே படிவம் என் கையில்தான் இருந்தது. வென்டிலேட்டர் அலாரம் அடித்தது, அவசரம் என்றும் சொல்லிக்கொள்வேன். ஆனால் அலாரம் அடித்து அவர் ஓடினாரா, குழாயைக் கழற்றியதால் அடித்ததா? எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன், இப்போது இரண்டுமே நடந்த மாதிரி இருக்கிறது.

ஆறாம் நாள் ஆறாம் பெட்காரரின் சளி கல்ச்சர் பரிசோதனையில் கிளெப்சியெல்லா. கோலிஸ்டின் தவிர எல்லாவற்றுக்கும் வரிசையாக எதிர்ப்பு. அது டாக்டர் கையிலிருந்தோ கம்பியிலிருந்தோதான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வேறு ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றி அனுப்பப்பட்டவர், குடலிலேயே கொண்டுவந்திருக்கலாம். அட்மிஷனில், குடலில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஆசனவாய் ஸ்வாப் நாங்கள் எடுக்கவில்லை. தொற்றுக் கட்டுப்பாட்டுக் கமிட்டியில் இதை நானேதான் எழுப்பினேன். இனி மாற்றி வருகிற எல்லோருக்கும் எடுப்பது என்று முடிவானது, பாராட்டினார்கள். கையுறையைப் பற்றி அங்கே நான் பேசவில்லை. மாத அறிக்கையின் சதவீதத்துக்குள் அது கரைந்துபோனது.

போன வாரம் அதே டாக்டர், அதே மாதிரி. பக்கத்தில் போய் மெதுவாக, "சார், க்ளவ்ஸ்" என்றேன். "ஓ, சாரி சிஸ்டர்" என்று கழற்றிப் போட்டுவிட்டு ஹேண்ட்ரப் தேய்த்துக்கொண்டார். அவ்வளவுதான்.

ஆயாம்மாவுக்கு அன்று நைட் டியூட்டி.