‘தேருணே நே’ என்று சொல்லப் பழகிய வருடம்

மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா கொழுந்து பறிக்கிறவர். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, இன்றைக்கு எந்த மலை என்று கங்காணி சொல்வார். கேட்டுக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியதுதான். திருப்பி ஒரு கேள்வி கேட்டவரை நான் பார்த்ததில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் ஒரு பெரிய மின்சார நிறுவனத்தில் பயிலுநராகப் போய்ச் சேர்ந்தேன். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் ஊரில் என்னைக் கண்டால் அந்த வருடத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

நான் போன வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பாடசாலையில் கணிதப் பிரிவு இல்லாததால் உயர்தரத்துக்கு வெளியூரில் தங்கிப் படித்தேன். பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகத்தில் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா கிடைத்தது. இரண்டு வருடம் வகுப்பு, மூன்றாவது வருடம் முழுக்கத் தொழிற்பயிற்சி. பயிற்சிக்குப் பொறுப்பு தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை. நாங்கள் நைட்டா என்போம்.

இந்த இடத்தில்தான் நிறைய நாள் போனது. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, என் அடையாள அட்டைக்குக் கொடுத்த படிவத்தில் இன்னொரு மாதிரி. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இது இருக்கும். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரிடம் போய், திரும்பவும் ஓர் அலுவலகத்துக்குப் போய் என்று மூன்று வாரம் அலைந்தேன். விண்ணப்பிக்கிறவர்கள் இதை இப்போதே பார்த்துச் சரிசெய்து வையுங்கள். நேர்முகப் பரீட்சை அதைவிடச் சுலபம். “வீட்டுக்குப் பக்கத்தில் எந்த மின் நிலையம் இருக்கிறது, அது எப்படி ஓடுகிறது?” என்று கேட்டார்கள். நான் சிறு வயதிலிருந்து பார்த்த தண்ணீரைப் பற்றிச் சொன்னேன்.

அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் இரண்டு ஆறுகள். கெஹெல்கமு ஓயா தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, நோர்ட்டனில் விமலசுரேந்திர மின் நிலையத்தை ஓட்டிவிட்டு, பழைய லக்சபான மின் நிலையத்துக்குப் போகிறது. மஸ்கெலி ஓயா தண்ணீர் மவுஸ்ஸாக்கலையில் சேர்ந்து, கன்யன், புதிய லக்சபான மின் நிலையங்கள் வழியாக இறங்குகிறது. இரண்டும் லக்சபானக் குளத்தில் ஒன்றாகி, கடைசியாகப் பொல்பிட்டியவில் இன்னொரு தடவை வேலை செய்கின்றன. ஒரே தண்ணீர் மூன்று இடத்தில் மின்சாரம் தருகிறது. இப்படிச் செய்யலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை எழுதி வாசித்தார். பழைய லக்சபான ஓடத் தொடங்கியது 1950இல். மவுஸ்ஸாக்கலை அணைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும், அம்மா கூட்டிப்போய்க் காட்டுவார். இந்தத் தொகுதியில் ஒரு நிலையத்துக்குத்தான் என்னைப் போட்டார்கள்.

முதல் இரண்டு வாரம் பாதுகாப்பு வகுப்பு, களஞ்சியம், கருவிகளின் பெயர்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்றாவது வாரம் இயந்திரப் பராமரிப்புப் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் எனக்கு உண்மையான ஆசை பிறந்தது.

எங்கள் நிலையத்தில் பெல்டன் சுழலி, சுற்றிலும் கிண்ணங்கள் பொருத்திய ஒரு சில்லு. நானூறு மீற்றருக்கும் மேலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர், ஒரு மூக்கு வழியாக வெளியே வரும்போது மணிக்கு 300 கிலோமீற்றருக்குக் குறையாத வேகத்தில் சில்லின் கிண்ணங்களில் அடிக்கிறது. திடீரென்று மின்சார லைன் துண்டித்துக்கொண்டால் சில்லு கட்டுமீறிச் சுற்றப் பார்க்கும். தண்ணீரைப் பட்டென்று நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் மலையிலிருந்து வரும் குழாய்க்குள் அழுத்தம் ஏறிக் குழாயே வெடிக்கலாம். அதனால் மூக்குக்கு முன்னால் ஒரு தகடு உடனே குறுக்கே வந்து தண்ணீரை ஒதுக்கிவிடுகிறது, உள்ளே இருக்கும் ஊசி ஆறுதலாக மூடுகிறது. இதை முதல் தடவை விளங்கிக்கொண்ட அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

நிறுத்திய இயந்திரத்தின் கிண்ணங்களில் வெடிப்புப் பார்ப்பதும் எனக்குப் பிடித்த வேலை. நன்றாகத் துடைத்துச் சிவப்புச் சாயம் பூசி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, மேலே இருப்பதைத் துடைத்தெடுத்து, வெள்ளைப் பொடியைத் தெளிப்போம். வெடிப்பு இருந்தால் வெள்ளையில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு தானாக ஊறி வரும். அவசரப்பட்டு அதிகமாகத் துடைத்தால் வெடிப்புக்குள் இருக்கும் சாயமும் போய்விடும். முதல் நாள் நான் துடைத்த கிண்ணத்தை ஃபோர்மன் திரும்பச் செய்ய வைத்தார்.

அந்த ஃபோர்மன் சிங்களவர். வயதானவர், என்னை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். என் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுதான். அவர் எது சொன்னாலும் “ஹரி சேர்”, சரி சேர், என்பேன். பாதி புரியும். மீதியை மற்றவர்களைப் பார்த்துச் செய்வேன்.

பதினோராவது வாரம். இரண்டாம் இயந்திரம் பராமரிப்புக்காக நின்றது, முதலாவது ஓடிக்கொண்டிருந்தது. குளிரூட்டும் தண்ணீர் வடிகட்டியில் இலைச் சருகு அடைத்திருந்ததால், போய் இரண்டாம் இயந்திரத்தின் வால்வை மூடிவிட்டு வா என்று ஃபோர்மன் சொன்னார். சிங்களத்தில் ஒன்று ‘எக’, இரண்டு ‘தெக’. இயந்திர மண்டபத்து இரைச்சலில் எனக்கு ‘எக’ என்றுதான் விழுந்தது. சந்தேகம் வந்தது, உண்மையிலேயே வந்தது. ஆனாலும் “ஹரி சேர்” என்று சொல்லிவிட்டு, ஓடுகிற இயந்திரத்தின் வால்வைப் போய்ச் சுற்றத் தொடங்கினேன். பாதி கூட மூடியிருக்க மாட்டேன், கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடித்தது. கடமையில் இருந்த அண்ணன் ஓடி வந்து திறந்துவிட்டார். சுழலும் தண்டைப் பிடித்திருக்கும் தாங்கிகளின் சூடு ஏறுவதற்குள் அவற்றைக் குளிரவைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் சில நிமிடம் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். ஃபோர்மன் என்னைத் தேநீர் அறைக்குக் கூட்டிப்போனார். பதிவேட்டைத் திறந்து, பயிலுநரைத் தனியாக அனுப்பியது தன் பிழை என்று என் கண் முன்னாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு உடைந்த தமிழில், “நங்கி, வெளங்காட்டி வெளங்கல்ல சொல்லு. சிங்களத்துல தேருணே நே. சொல்லு பாப்போம்” என்றார். என்னால் வாய் திறக்க முடியவில்லை. அவர் காத்திருந்தார். மூன்றாவது தடவை கேட்டபோதுதான் “தேருணே நே, சேர்” என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வேலை சொன்னால் நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், கூடவே விரலால் எண்ணையும் காட்ட வேண்டும். வால்வின் எண்ணைச் சுண்ணாம்புக் கட்டியால் என் கையுறையில் எழுதிக்கொண்டு போவேன். கேள்வி கேட்கவும் தொடங்கினேன். ஏன் இந்தத் தாங்கி மற்றதைவிடச் சூடு? ஏன் மழை நாளில் வடிகட்டியை அடிக்கடி கழற்றுகிறோம்? யாரும் கோபிக்கவில்லை. மின் பகுதிக்குப் போனபோது காப்புத் தடை அளப்பதையும், இயந்திரத்தை மின் வலையமைப்போடு இணைக்கும் போது, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று காட்டும் மானியின் முள் மெதுவாகச் சுற்றிப் பன்னிரண்டுக்குக் கிட்ட வரும் நேரத்தைப் பிடிப்பதையும் கேட்டுக் கேட்டேதான் பழகினேன்.

அன்றன்றைய வேலையைக் குறிக்கும் பயிற்சி டயறியை நாளுக்கு நாள் எழுதுங்கள். வார முடிவில் ஒன்றாக எழுதினால் படங்கள் பொய்யாகிவிடும், கையெழுத்துப் போடுகிறவருக்கும் அது தெரியும். பதினோராம் வாரத்துப் பக்கத்தை எழுதுவதா விடுவதா என்று இரண்டு இரவு யோசித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன், வால்வின் எண்ணோடு.

இறுதி மதிப்பீட்டில் அதிகாரி புரட்டிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்தில் நின்றார். முழுவதும் வாசித்தார். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, இரண்டு இயந்திரங்களின் குளிரூட்டும் தண்ணீர்ப் பாதையையும் பார்க்காமல் வரையச் சொன்னார். எந்த வால்வு வரைக்கும் வேண்டும் என்று கேட்டேன். வடிகட்டிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் என்றார். வரைந்து கொடுத்தேன்.