வெட்டச் சொன்ன பக்கங்கள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய கிறிஸ்தவப் பதிப்பகத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். மொழிபெயர்ப்பு, மெய்ப்பு பார்ப்பது, அச்சகத்துக்குப் போய் ஃபாரம் சரிபார்ப்பது எல்லாம் நான்தான். கிராமச் சபைகளில் ஊழியம் செய்கிற உபதேசியார்களுக்கென்று வருஷா வருஷம் ஒரு பயிற்சிப் புத்தகம் போடுவார்கள். ஒரு வருஷம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் அகிம்சைப் போராட்டத்தையும் அதில் சபையின் பங்கையும் எழுதச் சொன்னார்கள். 96 பக்கம், மூன்று மாத அவகாசம். 1963இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் சிறையிலிருந்து, கறுப்பினப் போதகரான மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தின் சாரமும் அதில் வர வேண்டும் என்றார்கள்.

அதுவரை கிங் பற்றி எனக்குத் தெரிந்தது அந்தக் கனவுப் பேச்சும், அவரைச் சுட்டுக் கொன்றார்கள் என்பதும்தான்.

முதல் நாளே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். பத்திரிகைகளில் 'இன ஒதுக்கல்' என்று எழுதுவார்கள். அது என்னவோ அகராதியில் கிடக்கிற சொல் மாதிரி இருந்தது. நான் எழுத வேண்டியதோ தனிக் குழாய், தனிப் பள்ளிக்கூடம், பஸ்ஸில் பின்சீட்டு, துணிக்கடையில் பொருள் வாங்கலாம் ஆனால் அதே கடைக்குள் இருக்கும் சாப்பாட்டு மேசையில் உட்காரக் கூடாது என்கிற மாதிரியான, ஒவ்வொரு நாளும் உடம்பில் படுகிற விஷயம். எங்கள் டிடிபி அக்கா நான் அடித்துத் திருத்துவதைப் பார்த்துவிட்டு, "தள்ளி வைக்கிறதுன்னு போடுங்க தம்பி, எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் புரியும்" என்றார்கள். அப்படியே போட்டேன்.

அடுத்த சிக்கல் கடிதத்திலேயே மிக நீளமான ஒரு வாக்கியம். 'ஏன் பொறுக்க மாட்டேன் என்கிறீர்கள்' என்று கேட்டவர்களுக்குக் காரணங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார், மூச்சு விடாமல். ஆறு வயது மகள் டிவியில் விளம்பரம் பார்த்துவிட்டு அந்தக் கேளிக்கைப் பூங்காவுக்கு ஏன் போகக் கூடாது என்று கேட்கிறாள், அங்கே கறுப்புப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று சொல்ல வரும்போது அப்பாவுக்கு நாக்கு குழறுகிறது. அப்புறம், எத்தனை வயதானாலும் அவரைப் 'பையா' என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் மனைவிக்கும் அம்மாவுக்கும் திருமதி என்ற மரியாதை ஒருநாளும் கிடைக்காது. இந்த இடத்தில் நான் 'ஏலே' என்று எழுதினேன். அறுபது வயது மனுஷனைப் பத்து வயதுப் பையன் 'ஏலே' என்று கூப்பிடுவதைக் காதால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும், விளக்கமே வேண்டாம். எங்கள் பதிப்பாசிரியர் சிவப்பு மையில் சுழித்து, இது நம்ம ஊர்ச் சொல், அமெரிக்காவுக்குப் பொருந்தாது என்று எழுதியிருந்தார். கடைசியில் 'பையா' என்றே அச்சானது. எனக்கு இப்போதும் 'ஏலே'தான் சரி என்று படுகிறது.

சபையின் பங்கு என்றதும் போதகர்கள் ஆதரவாகப் பேசியிருப்பார்கள், ஜெபித்திருப்பார்கள் என்றுதான் நினைத்து வைத்திருந்தேன். படிக்கப் படிக்க அது வேறு மாதிரி இருந்தது. அதே அலபாமாவின் மான்ட்கோமரியில் 1955 டிசம்பர் 1ஆம் தேதி, பஸ்ஸில் வெள்ளையருக்காகச் சீட்டை விட்டு எழுந்திருக்க மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணைக் கைது செய்தார்கள். திங்கட்கிழமை, 5ஆம் தேதி, கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. அன்று சாயங்காலம் ஹோல்ட் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் கோயிலில் (தேவாலயத்தை எங்கள் பக்கம் கோயில் என்போம்) கூட்டம் உள்ளே கொள்ளாமல் தெருவெல்லாம் நின்றது. அங்கே பேசிய கிங்குக்கு அப்போது 26 வயது. பஸ் ஏறாத போராட்டம் 381 நாள் நீடித்தது. ஒரு ஊர்ச் சனம் ஒரு வருஷத்துக்கு மேல் பஸ் ஏறாமல் வேலைக்குப் போக வேண்டும் என்றால் யார் யாரை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது, பெட்ரோலுக்குக் காசு எங்கிருந்து வரும் என்று ஒரு போக்குவரத்துக் கழகமே நடத்தியாக வேண்டும், அதைக் கோயில்கள் நடத்தின. சபைகளின் பெயரில் வேன் மாதிரியான பெரிய கார்கள் வாங்கி ஓட்டினார்கள், ஜனங்கள் அவற்றை 'உருளும் கோயில்கள்' என்றார்கள். அந்த வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் கொடுக்காமல் அங்கே நெருக்கியபோது லண்டன் லாய்ட்ஸ் வழியாக வாங்கினார்கள்.

ஏன் கோயில்? இந்தக் கேள்விக்கு நான் ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கினேன், அது வீண் போகவில்லை என்று நம்புகிறேன். கறுப்பின வாத்தியார் போராட்டத்துக்குப் போனால் வேலை போய்விடும். வெள்ளைக்காரர் வீட்டில் சமைக்கிற அம்மாவுக்கும் அப்படித்தான். ஆனால் போதகருக்குச் சம்பளம் அவருடைய ஜனங்களின் காணிக்கையிலிருந்து வருகிறது, கட்டடமும் அவர்களுடையது. பூட்டுச் சாவி தங்கள் கையில் இருந்த பெரிய கட்டடம் என்று அநேக ஊர்களில் அவர்களுக்கு இருந்தது கோயில் மட்டும்தான். 1956இல் அலபாமா மாநிலம் முக்கியமான உரிமைச் சங்கத்தை நீதிமன்றம் வழியாகத் தடை செய்தபோது, பர்மிங்ஹாமில் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த் என்ற போதகர் உடனே வேறொரு அமைப்பைத் தொடங்கினார். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ராத்திரி அவர் வீட்டில் குண்டு வைத்தார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து நடந்து வந்தவர், மறுநாளே ஆட்களோடு போய் பஸ்ஸில் வெள்ளையர் பகுதியில் உட்கார்ந்தார்.

டென்னசி மாநிலத்து நாஷ்வில் கதையை எழுதும்போதுதான் அகிம்சை என்பதையே நான் தப்பாகப் புரிந்து வைத்திருந்தேன் என்று தெரிந்தது. ஜேம்ஸ் லாசன் மெதடிஸ்ட் ஊழியராக நாகபுரியில் மூன்று வருஷம் இருந்தவர், காந்தியின் வழியை அங்கே கற்றவர். திரும்பிப் போய் நாஷ்வில்லில் ஒரு கோயிலின் கீழ்த்தளத்தில் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒருவர் நாற்காலியில் உட்கார வேண்டும், மற்றவர்கள் அவரைத் திட்ட வேண்டும், முகத்தில் புகை ஊத வேண்டும், இழுத்துக் கீழே தள்ள வேண்டும். உட்கார்ந்திருப்பவர் திருப்பி அடிக்காமல் தலையை எப்படிக் காத்துக்கொள்வது, பக்கத்தில் அடிபடுகிறவருக்கு எப்படி மறைப்பாகப் போய் நிற்பது என்று திரும்பத் திரும்பப் பழகினார்கள். 1960 பிப்ரவரியில் கடைகளின் சாப்பாட்டு மேசைகளில் போய் உட்கார்ந்தார்கள், மே மாதம் அந்த மேசைகள் கறுப்பினத்தவருக்கும் திறந்தன. நடுவில் லாசனை அவர் படித்த பல்கலைக்கழகம் வெளியேற்றியது. பொறுமைசாலிகளுக்குப் பிறவியிலேயே வருகிற குணம்தான் அகிம்சை என்று நினைத்திருந்தேன். தச்சு வேலை மாதிரி, நீச்சல் மாதிரி, கற்றுக்கொண்டு செய்கிற காரியம் அது.

பர்மிங்ஹாமில் ஊர்வலத்துக்கு வருகிறவர்கள் ஓர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். பத்து வாக்குறுதிகள். முதலாவது, இயேசுவின் போதனையையும் வாழ்க்கையையும் தினமும் தியானிப்பேன் என்பது. அகிம்சை இயக்கம் தேடுவது நீதியையும் ஒப்புரவையும், வெற்றியை அல்ல என்று மறவேன் என்பது இன்னொன்று. கையாலும் நாவாலும் இருதயத்தாலும் வன்முறை செய்யேன் என்பது மற்றொன்று. இந்த 'நாவாலும்' என்ற இடத்தில் நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். டிடிபி அக்கா அந்தப் பக்கத்தைத் தனியாக பிரிண்ட் எடுத்துத் தன் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்கள். நான் வேலையை விடும்வரை அது அங்கேதான் இருந்தது.

இனி, வெட்டச் சொன்ன அந்தப் பக்கங்களுக்கு வருகிறேன்.

1963 ஏப்ரல் 12, பெரிய வெள்ளிக்கிழமை. கிங் கைதானார். அதே நாள் உள்ளூர் வெள்ளை மதத் தலைவர்கள் எட்டுப் பேர், பிஷப்புகள், போதகர்கள், ஒரு யூத ரபி, சேர்ந்து ஒரு அறிக்கை விட்டார்கள். போராட்டம் புத்திசாலித்தனமானது அல்ல, இது அதற்கான காலமும் அல்ல, வெளியாட்கள் வந்து தூண்டுகிறார்கள், பிரச்சனையை நீதிமன்றத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், அதுதான் சாரம். இவர்கள் வெறியர்கள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஜனவரியில்தான் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், பிரித்து வைத்தல் என்றென்றைக்கும் நிற்கும் என்று முழங்கினார். அதையடுத்து, பிரித்து வைப்பதற்கு எதிரான நீதிமன்றத் தீர்ப்புகளை மதியுங்கள் என்று வெள்ளை ஜனங்களைக் கேட்டுக்கொண்ட மதத் தலைவர்களில் இவர்களும் இருந்தார்கள். நல்லவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். கிங் அவர்களுக்குத்தான் பதில் எழுதினார், செய்தித்தாளின் ஓரத்திலும் கிடைத்த துண்டுக் காகிதத்திலும். எனக்குப் பெரிய ஏமாற்றம் தந்தது முகமூடி போட்டு வருகிற இனவெறிக் கும்பல்கள் இல்லை, உங்கள் நோக்கம் சரி ஆனால் வழி சரியில்லை என்று சொல்லி எங்கள் விடுதலைக்கு நாள் குறிக்கிற மிதவாதிகள்தான் என்கிறார். அதற்குப் பிறகு சபையிடம் வருகிறார். நான் போதகரின் மகன், பேரன், கொள்ளுப்பேரன், சபையை நேசிப்பதால் சொல்கிறேன் என்று தொடங்கி, வெள்ளைப் போதகர்கள் கூட நிற்பார்கள் என்று நம்பியதையும், சிலர் எதிர்த்து நின்றதையும், பலர் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்குப் பின்னால் பேசாமல் இருந்துகொண்டதையும் சொல்கிறார். என் சுருக்கத்தில் இது மட்டும் எட்டுப் பக்கம் வந்தது.

எங்கள் ஆசிரியர் ஓய்வுபெற்ற குருவானவர், நாங்கள் ஐயா என்போம். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு ராத்திரி என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அவர் கூப்பிட்டு, "தம்பி, இந்த எட்டுப் பக்கத்தை ஒரு பத்தியா ஆக்கிருங்க" என்றார். இடம் போதவில்லையா ஐயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இது உபதேசியார்மார் கைக்குப் போகிற புத்தகம். கல்லறைத் தோட்ட விவகாரம் இப்பத்தான் ஆறியிருக்கு. இதை வாசிச்சா மறுபடியும் கிளம்பும். கொஞ்ச காலம் போகட்டும், இப்ப வேண்டாம்."

எங்கள் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் சிலவற்றில் எந்த ஜாதிக்கு எந்தப் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைத்தான் சொன்னார். அன்று காலையில்தான், காலம் தானாக எதையும் சரி செய்யாது, 'பொறு' என்ற சொல் எங்களுக்குப் பெரும்பாலும் 'ஒருபோதும் இல்லை' என்றே ஆகியிருக்கிறது என்று கிங் சொல்லும் இடத்தை நான் திருத்தி முடித்திருந்தேன். காகிதம் என் கையிலேயே இருந்தது. வாசித்துக் காட்டியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சரிங்கையா என்று சொல்லிவிட்டு வந்து வெட்டினேன்.

வெட்டியதில் கண்டனம் மட்டும் போகவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அந்த எட்டுப் பேரில் ஒருவரான ஏர்ல் ஸ்டாலிங்ஸ், அந்த ஈஸ்டர் ஞாயிறன்று தன் கோயிலுக்கு வந்த கறுப்பினத்தவரை ஆராதனையில் மற்றவர்களோடு உட்கார வைத்தார். கிங் அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்கிறார், அதே கடிதத்தில். அதுவும் போயிற்று. எங்கள் புத்தகத்தை வாசிக்கிறவருக்கு அமெரிக்காவின் சபைகள் எல்லாம் ஒன்றாக நின்று போராடின என்றுதான் தோன்றும். அது உண்மையில்லை, அதை எழுதியவன் நான்.

மே 2ஆம் தேதி 16வது தெரு பாப்டிஸ்ட் கோயிலிலிருந்து பிள்ளைகள் ஊர்வலமாக வந்ததையும், மறுநாள் அவர்கள்மேல் தீயணைப்புக் குழாயைத் திருப்பி நாய்களை ஏவியதையும், மே 10ஆம் தேதி கடைக்காரர்களோடு உடன்பாடு வந்ததையும் வேகமாக எழுதிவிட்டேன், அவை பலரும் எழுதியவை. செப்டம்பர் 15 மட்டும் வேகமாக எழுத வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, அதே கோயிலில் குண்டு வெடித்தது. அடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், மூவருக்கும் 14 வயது. டெனிஸ் மக்நேருக்கு 11. ஒரு சன்னலில் இயேசுவின் முகம் இருந்த கண்ணாடி மட்டும் பெயர்ந்து விழுந்து, மீதி உருவம் அப்படியே நின்றது. முதல் தண்டனை 1977இல், கடைசியானது 2002இல். மெய்ப்பில் வருஷம் தப்பாக விழுந்திருக்குமோ என்று மூன்று தடவை சரிபார்த்தேன், அவ்வளவு இடைவெளி.

கடைசி அத்தியாயத்தில் பத்து வரிச் சம்பவம் ஒன்று தப்பித்தது. 1959இல் கிங் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமை ஆசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம் தன் ஜனங்களின் நிலையை நினைத்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டதாக 1965இல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்.

புத்தகம் வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு உபதேசியார் ஃபோன் பண்ணினார். இந்தப் பத்து வரியைத் தன் கோயிலில் வாசித்தாராம். "அந்த ஜெயில் கடிதத்துல சபையைப் பத்தி இன்னும் இருக்குமே தம்பி, ஒரு பத்தியில முடியுற மாதிரி தெரியலையே" என்றார். விலாசம் கேட்டுக்கொண்டேன். எட்டுப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் கவரில் போட்டு மேசையில் வைத்திருந்தேன். மத்தியானம் ஐயா அந்தப் பக்கம் வந்தவர் கவரை எடுத்தார், ஒட்டியிருக்கவில்லை. உள்ளே பார்த்தார். முதல் பக்கத்தை நின்றபடியே வாசித்து முடித்தார், மறுபடி மடித்து உள்ளே வைத்தார். விலாசத்தைப் பார்த்தார். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த எடைக்கு ஒரு ஸ்டாம்பு பத்தாது தம்பி" என்று சொல்லி, தன் மேசை டிராயரைத் திறக்கப் போனார்.