கூட்டிச் செல்ல வருபவர்கள்

கலிபோர்னியாவின் சலீனாஸ் பள்ளத்தாக்கில் ஒரு மழலையர் பள்ளி அலுவலகத்தில் மூன்றாண்டுகள் வேலை பார்த்தேன். அங்கு வந்த மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்து, சுற்றியிருந்த லெட்யூஸ் கீரை வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். மாலையில் குழந்தையை யார் யார் கூட்டிச் செல்லலாம் என்று எழுதி வாங்கும் அட்டைகள் என் பொறுப்பில் இருந்தன.

நவம்பரில் ஒரு தாய் வந்து, கணவரால் இனிப் பள்ளிக்கு வர முடியாது என்று சொல்லி, தன் தம்பியின் பெயரைக் கொடுத்தார். நானும் தந்தையின் பெயரை நீல மையால் அடித்துவிட்டு, ஆண்டறிக்கைப் பட்டியலில் 'தந்தை உடன் இல்லை' என்று குறித்துக்கொண்டேன். ஏப்ரலில் ஒரு மாலை, வெயிலில் கறுத்த ஒருவர் வாசலில் வந்து நின்றார். அட்டையில் பெயர் இல்லையென்று நான் மறுத்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சிறுமி "பாப்பி" (ஸ்பானிய மொழியில் அப்பா) என்று ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். குளிர்காலத்தில் லெட்யூஸ் சாகுபடி அரிசோனாவின் யூமா பகுதிக்கு மாறுவதும், அறுவடைக்காரர்களில் பலர் அதன் பின்னாலேயே போய் வசந்தத்தில் திரும்புவதும் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எனக்கு மட்டுந்தான் அது ஒரு குடும்பத்தின் முறிவாகப் பட்டிருக்கிறது.

இந்தப் போக்குவரத்து பழையது. மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவர 1942 முதல் 1964 வரை நடந்த பிராசெரோ திட்டம் ஆண்களை மட்டுமே வேலைக்கு அழைத்தது. மனைவியும் குழந்தைகளும் மெக்சிகோவின் மிச்சோவகான், ஹலிஸ்கோ மாநிலக் கிராமங்களிலேயே இருந்தார்கள். 1990களில் எல்லைக் காவல் இறுகி, ஊருக்குப் போய்த் திரும்புவது செலவும் ஆபத்தும் மிகுந்ததாக ஆனபின், வந்தவர்களில் பலர் இங்கேயே தங்கிக் குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டார்கள். எங்கள் பள்ளிக் குழந்தைகள் அப்படி வேரூன்றிய வீடுகளில் பிறந்தவர்கள்.

எல்லாத் தந்தையரும் ஏப்ரலில் திரும்பிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில அட்டைகளில் அடித்த பெயர் அடித்தபடியே நின்றது. சிலவற்றில் அந்த இடத்தில் வேறோர் ஆணின் பெயர் வந்தது. வாடகைச் சுமைக்காக ஒரே வீட்டில் கூடியிருந்த சித்தப்பாவும் அத்தையும் தனிவீடு பார்த்துப் போனதைக் குடும்ப மாற்றமாக யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால், அதுவரை அந்தச் சித்தப்பாவின் கையைப் பிடித்தே வீட்டுக்குப் போய்வந்த ஒரு சிறுவன் ஒரு மாதம் போல மதியத்தில் தூங்க மறுத்தான்.

உறவு என்ற கட்டத்தில் ஒருவர் 'கொமாத்ரே' என்று எழுதியிருந்தார். பெற்ற தாய் தன் குழந்தையின் ஞானத்தாயை அழைக்கும் ஸ்பானியச் சொல் அது. சம்பந்தி என்ற சொல்லோடு வளர்ந்த எனக்கு அது உடனே பிடிபட்டது. கணினியோ 'மற்றவர்' என்பதை மட்டுமே ஏற்றுக்கொண்டது.

1998 முதல் 2000 வரை அமெரிக்கப் பெருநகரங்கள் 20இல் பிறந்த ஏறத்தாழ 4,900 குழந்தைகளை, 1, 3, 5, 9, 15 வயதுகளில் அவர்கள் குடும்பத்தைப் பற்றி மீண்டும் மீண்டும் விசாரித்த ஓர் ஆய்வைப் பற்றிப் பிறகு படித்தபோது, நாங்கள் அட்டைக்காகச் செப்டம்பரில் ஒரே ஒருமுறை கேட்டதன் போதாமை உறைத்தது. அதன்பின் பெயரை அடிக்கும்போதெல்லாம் தேதியையும் காரணத்தையும் ஓரத்தில் குறித்துவைத்தேன். சில குழந்தைகளுக்கு ஓரம் போதாமல், இன்னோர் அட்டையைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடிக்க வேண்டியிருந்தது.