ராத்திரி படகை எங்கே கட்டுவீர்கள்?

ஏசி மாட்டப் போனால் எல்லா வீட்டிலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒரு டன் போதுமா, ஒன்றரை வேண்டுமா? பாய்மரப் படகு வைத்திருப்பவர்களும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். புதுச்சேரியில் வீட்டு ஏசி வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தேங்காய்த்திட்டு பக்கம் படகு வேலைகளும் வர ஆரம்பித்தபோது, டன் கணக்கு பின்னுக்குப் போய்விட்டது. இப்போது நான் முதலில் கேட்பது, “ராத்திரி படகை எங்கே கட்டுவீங்க?”

கரையிலிருந்து 230 வோல்ட் ஒயர் இழுக்க முடிந்தால் வேலை சுலபம். ஆற்றிலோ கடலிலோ நங்கூரம் போட்டுத் தூங்குகிறவர் என்றால் ஏசியைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் பேட்டரி.

சென்னையிலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர், 35 அடி ஃபைபர் படகு வாங்கியிருந்தார். அரியாங்குப்பம் ஆற்றில் நங்கூரத்தில் நிற்கும் படகு. கத்திரி வெயிலில் மேல்காற்று அடங்காமல் கடற்காற்று தாமதமாகிற நாட்களில் உள்ளே போனால் மூச்சு முட்டும். “தம்பி, ஒரு டன் ஸ்ப்ளிட் போட்டுரலாமே, மலிவு, ஸ்பேரும் எந்தக் கடையிலயும் கிடைக்கும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் வெளி யூனிட்டை எங்கே வைப்பது? பின்பக்கத்தில் வைத்தால் கயிறு மாட்டும்; உப்புக்காற்று அதன் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும்.

படகுக்கென்று வரும் ஏசி வெளிக்காற்றை நம்பாது, கடல் தண்ணீரை நம்பும். கம்ப்ரஸர், கண்டென்ஸர், காயில் எல்லாம் ஒரே பெட்டியாக படுக்கைக்கு அடியில் உட்கார்ந்துவிடும். படகின் அடியில் ஒரு துளை, அதில் வால்வு, அடுத்து வடிகட்டி, பம்ப். அந்தத் தண்ணீர் கண்டென்ஸரின் சூட்டை வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் வெளியே கொட்டும். கண்டென்ஸர் குழாய் செம்பும் நிக்கலும் கலந்தது; உப்புத் தண்ணீரைத் தாங்கும். மே மாதத்தில் நம் கடல் தண்ணீரே ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும். ஆனாலும் 40 டிகிரி காற்றைவிட அது எவ்வளவோ மேல்.

நிறைய பேர் கோட்டை விடுவது பம்ப்பில். அது தானாகத் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும் ரகம் இல்லை. நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அடித் துளையிலிருந்து ஏசி வரை ஹோஸ் ஒரே சீராக மேலே ஏறிப்போக வேண்டும். இடம் போதவில்லை என்று நடுவில் ஒரு மேடு விட்டால் அங்கே காற்று தங்கிவிடும். பம்ப் ஓடும் சத்தம் கேட்கும், தண்ணீர் வராது, கொஞ்ச நேரத்தில் பிரஷர் ஏறி ஏசி ட்ரிப் ஆகும். “கேஸ் போயிருச்சு” என்று யாராவது தேவையில்லாமல் கேஸ் அடித்துவிட்டுப் போவார்கள். நானோ முதலில் வெளியே கொட்டும் தண்ணீரின் வேகத்தைத்தான் பார்ப்பேன். ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் வர வேண்டும். குறைந்தால் வடிகட்டியைத் திறக்க வேண்டும்: ஆற்றுச் சேறு இருக்கும், பிளாஸ்டிக் பை இருக்கும், சில சமயம் சொறிமீன் கூழாகிக் கிடக்கும். பாய் விரித்து ஓடும்போது ஏசியைப் போடவே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். படகு சாய்ந்தால் அடித் துளை தண்ணீரை விட்டு வெளியே வரலாம்.

சரி, கரண்டுக்கு வருவோம். ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியூ வெப்பத்தை வெளியே தள்ளும் திறன். ஓடும்போது ஒரு கிலோவாட் அளவுக்கு இழுக்கும். ராத்திரி முழுக்க நங்கூரத்தில் அதை ஓட்டுவது நடக்கிற காரியமில்லை. “சார், படகு முழுக்கக் குளிர வேண்டாம், நீங்க படுக்கிற முன் கேபின் மட்டும் குளிர்ந்தா போதுமே” என்றேன். அரை டன்னுக்கு, பம்ப்பையும் சேர்த்து, ஓடும்போது சுமார் 600 வாட். குளிர்ந்த பிறகு விட்டு விட்டு ஓடுவதால் எட்டு மணி நேரத்துக்கு மூன்று யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மூன்று யூனிட்டுக்கு வீட்டு இன்வெர்ட்டரில் வைக்கும் 200 ஏ.எச் ட்யூபுலர் பேட்டரி என்றால் மூன்று வேண்டும், ஏனென்றால் பாதிக்கு மேல் காலி செய்தால் அவற்றின் ஆயுள் போகும். ஒவ்வொன்றும் 60 கிலோ கனக்கும். படகு சாயும்போது ஆசிட் சிந்தும் பயம் வேறு. 24 வோல்ட் 200 ஏ.எச் லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஒன்றே ஐந்து யூனிட் தரும், எடையும் மூன்றில் ஒரு பங்குக்குள் முடியும். விலையைச் சொன்னதும் சார் கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். 12 வோல்ட்டுக்குப் பதில் 24 வைத்தால் ஆம்பியர் பாதி, கேபிளும் மெலிதாகும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைப்போல் மூன்று நான்கு மடங்கு இழுக்கும். அதை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் இல்லையென்றால் இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும்.

“சோலார் போட்டா இலவசம்தானே?” என்றார். 400 வாட் பேனல் நல்ல நாளில் ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே தரும். பாய்மரத்தின் நிழல் ஒரு மூலையில் விழுந்தால் அதுவும் குறையும். இரண்டு பகல் வெயில், ஒரு ராத்திரித் தூக்கம். மீதிக்கு எஞ்சின் ஆல்டர்னேட்டர், அல்லது கரை.

ஏசி பெட்டி வருவதற்கு முன்னாலேயே டெக்குக்கு மேலே வெள்ளைத் துணிப் பந்தல் கட்டச் சொன்னேன். முன் கேபின் கூரைக்கு அடியில் ஃபோம் ஒட்டினோம், ஜன்னல்களுக்கு வெளிப்பக்கம் மூடி தைத்தோம். இந்தச் செலவைச் செய்யாமல் பெரிய ஏசி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். குளிர்காற்று மேலே வர வேண்டும், திரும்பும் காற்று கீழே போக வேண்டும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில், விடாமல் தனிக் குழாயில் எடுத்தோம், இல்லாவிட்டால் நாற்றம் பிடுங்கும்.

பெட்ரோல் ஜெனரேட்டர் ஆசை மட்டும் சாரை விடவில்லை. டெக்கில் வைத்து ராத்திரி ஓட்டிக்கொண்டு தூங்குவேன் என்றார். அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கேபினுக்குள் இறங்கினால் தூங்குகிறவர் எழமாட்டார். முடியவே முடியாது என்றேன். பகலில், விழித்திருக்கும்போது, காற்று வாட்டம் பார்த்து பேட்டரி ஏற்ற மட்டும் ஓட்டுங்கள் என்று முடித்தேன். கேபினில் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டிவிட்டுத்தான் பில் கொடுத்தேன்.