ஏழாவது கட்டில்

2025 மார்ச் 4
சீசனுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. இன்று மாலை மாடிக்குப் போனேன். எங்கள் புதிய மேற்பார்வையாளர், வேறொருவர் விரித்துவிட்டுப் போன விரிப்பை உருவி, திரும்ப விரித்துக்கொண்டிருந்தார். மூலையைச் சரிவாக மடித்து, உள்ளங்கையால் ஒரே இழுப்பில் செருகும் அந்தக் கைப்பழக்கம் இந்த ஹோட்டலில் வேறு யாருக்கும் வராது. அதற்காகத்தான் பதவி உயர்வு கொடுத்தோம். ஆனால் அது அவர் திருத்திய ஏழாவது கட்டில். எங்கள் ஹோட்டல் இருக்கும் உப்புவெளியிலிருந்து திருகோணமலை நகருக்குப் போய்ச் சேர்வதற்குள் கிண்ணியா பஸ் போய்விட்டது. நோன்பு துறக்கும் நேரத்தில் அவர் பஸ் நிலையத்தில் நின்றிருக்கிறார்.

மார்ச் 5
நன்றாக வேலை செய்பவரை மேற்பார்வையாளர் ஆக்குகிறோம். அதன்பிறகு அவரைத் தனியே விட்டுவிடுகிறோம். இது அநியாயம்.

மாதம் இருமுறை கொழும்பிலிருந்து காணொளியில் பேசி, என் வேலையில் வழிகாட்டும் பயிற்றுவிப்பாளரிடம் இதைச் சொன்னேன். "அவரிடம் என்ன கேட்டீர்கள்?" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை, புத்திதான் சொன்னேன்.

இப்படிக் கேட்கும் முறைக்கு ஒரு கதை உண்டு. 1970களில் அமெரிக்க டென்னிஸ் பயிற்றுவிப்பாளர் டிமோத்தி கால்வே, கையை இப்படித் திருப்பு என்று கட்டளையிடுவதை விட்டார். பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல் என ஆட்டக்காரரையே உரக்கச் சொல்ல வைத்தார். கவனம் பந்தில் நின்றதும் அடி தானே திருந்தியது. இந்த முறையைத் தொழிலிடங்களுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், முன்னாள் கார்ப் பந்தய வீரர் ஜோன் விட்மோர். எங்கே போக வேண்டும், இப்போது எங்கே நிற்கிறோம், என்னென்ன வழிகள், எதைச் செய்யப்போகிறோம் என்ற நான்கு கேள்விகளின் வரிசையை அவர் பரவச் செய்தார்.

மார்ச் 11
சலவை அறைக்குப் பின்னால் வேப்பமர நிழலில் அமர்ந்தோம். "தங்கச்சி, அந்த விரிப்பை உருவும்போது மனதில் என்ன ஓடுகிறது?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். கடல் இரைச்சல் மட்டும் கேட்டது.

"பிழை கண்டால் கட்டில் விரிக்கிற பிள்ளைகளுக்கு ஏச்சு விழும், மிஸ். நானும் அந்த ஏச்சை வாங்கினவள்தானே."

மற்றவர்கள்மேல் நம்பிக்கை இல்லாததால் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். அது இரக்கம்! நான் முன்பு சொன்ன புத்தி, இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்து. வேறு என்ன செய்யலாம் என்றேன். காலையில் முதல் கட்டிலை எல்லோரும் சேர்ந்தே விரிக்கலாம் என்றார். யோசனை முழுக்க அவருடையது.

மார்ச் 14
இன்று பஸ் கிடைத்தது.

மார்ச் 19
மேற்பார்வையாளர் போட்ட வேலை அட்டவணையை அவரிடம் கேட்காமலே திருத்திக்கொண்டிருந்தேன். பாதியில்தான் உறைத்தது. போன வாரம் பொது முகாமையாளர் என் செலவுத் திட்டத்தை இப்படித்தான் திருத்தினார். மூன்று படியிலும் ஒரே பழக்கம்.

பயிற்றுவிப்பு புதியவர்களுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கவே மாட்டேன். கூகுள் தன் முகாமையாளர்களை ஆராய்ந்தபோது, சிறந்தவர்களின் எட்டு இயல்புகளில் முதலில் வந்தது நல்ல பயிற்றுவிப்பாளராக இருப்பது. தொழில்நுட்ப அறிவு எட்டாவதாக வந்தது. மேலே இருப்பவரிடம் கேள்வி கேட்க யாரும் துணிவதில்லை. அதனாலேயே அவருக்கு இது கூடுதலாக வேண்டும்.

மார்ச் 24
பொது முகாமையாளர் ஐயாவிடம், அவருக்கும் பயிற்றுவிப்பு வேண்டும் என்று நேரே சொன்னேன். "எனக்கா?" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

மார்ச் 27
வாசலில் நிறுத்தி, தணிந்த குரலில் கேட்டார்: "அந்தப் பயிற்றுவிப்பாளர் தமிழில் பேசுவாரா?"