நிரலில் ஒரு 14

சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றுக்கு நாங்கள் செய்து கொடுத்த கொள்வனவு மென்பொருளில் ஒரு வரி உண்டு. நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டினால் எடையில் கழிவு போடும் வரி. புதிதாகச் சேர்ந்த தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த 14 எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டார். நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவுக்கு ஏற்கும் உச்ச ஈரப்பதன் அது. வயல் செய்கிறவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நிரலை மட்டும் பார்ப்பவருக்கு அது வெறும் இலக்கம்.

அடுத்த வரி இன்னும் நுணுக்கமானது. சாக்கின் எடையைக் கழித்த பிறகுதான் ஈரப்பதன் கழிவைப் போட வேண்டும். மாற்றிப் போட்டாலும் நிரல் ஓடும், பற்றுச்சீட்டும் வரும். ஆனால் சாக்கு ஒரு கிலோ, கழிவு 3 வீதம் என்று வைத்தால், விவசாயிக்கு மூட்டைக்கு 30 கிராம் குறையும். 500 மூட்டைக்கு 15 கிலோ! நிரலைச் சுருக்க நினைக்கும் எவருக்கும் கைவைக்கத் தோன்றும் இடம் அது. இப்படியான காரணங்களை எழுதி வைப்பதற்குத்தான் ஆவணம்.

அஜைல், அதாவது மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாகச் செய்து கொடுக்கும் முறை, என்றால் ஆவணம் தேவையில்லை என்று மட்டக்களப்பில் நேர்முகத் தேர்வுக்கு வரும் பிள்ளைகள் பலர் சொல்கிறார்கள். 2001இல் யூட்டாவில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் பிரகடனம் அப்படிச் சொல்லவில்லை. விரிவான ஆவணத்தைவிட வேலை செய்யும் மென்பொருளை மேலாக மதிக்கிறோம் என்கிறது. ஆவணத்துக்கும் மதிப்புண்டு என்று அங்கேயே சொல்லியும் வைத்திருக்கிறது. அந்தக் கடைசி வரி வரைக்கும் யாரும் வாசிப்பதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

எங்கள் அணியில், ஒரு கணக்கு ஏன் அப்படிப் போடப்பட்டது என்ற குறிப்பு நிரல் மாற்றத்தோடு ஒரே புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தை மற்றவர்கள் பார்த்து ஏற்க அனுப்பும் கோரிக்கை) வர வேண்டும். வராவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. பெரிய தீர்மானங்களுக்கு, மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வைத்த முடிவுப் பதிவு முறை: சூழல், முடிவு, விளைவு, ஓரிரு பக்கம். நிரல் என்ன செய்கிறது என்று வரிக்கு வரி விளக்கி எழுதுவதை விட்டுவிட்டோம். அதை, நிரலை ஓட்டிச் சரிபார்க்கும் டெஸ்ட் சொல்லட்டும். நிரல் மாறி விளக்கம் மாறாமல் கிடந்தால், நம்பி வாசிப்பவர்தான் ஏமாறுவார்.

பாவனையாளர் கையேடும் அப்படித்தான். பெரும்போக அறுவடையில் லொறிகள் வரிசையில் நிற்க, தராசடியில் இருப்பவர் எதைப் புரட்டுவார்? பிழையான எடை பதிவானால் திருத்துவது எப்படி என்று தமிழில் ஒற்றைத் தாள் ஒட்டிக் கொடுத்தோம்.

இதற்கெல்லாம் போகும் நேரத்தை விலைமதிப்பில் தனி வரியாக நான் காட்டுவதில்லை. காட்டினால் கிளையன்ட் முதலில் வெட்டுவது அதைத்தான். ஒவ்வொரு வேலையின் மதிப்பீட்டுக்குள்ளேயே சேர்த்துவிடுகிறேன்.